எண்ணெய் வரும் வழி

வன்னிப் பெருநிலப்பரப்பிலே காலபோக விதைப்புக்கு வானம் கொடுக்கும் தவணை மிகச் சுருங்கியது. புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாள்களில், நிலம் இன்னும் புழுதியாக இருக்கும்போதே உழுது விதைத்து முடித்துவிட வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றின் மழை கனத்து இறங்கிவிட்டால், களிப்பாங்கான வயல்களில் உழவு இயந்திரத்தின் சில்லுகள் புதைந்துபோகும். பின்னர் சேற்றுழவுக்குக் காத்திருக்க வேண்டும், செலவு கூடும், பயிர் பின்தங்கும். 1902 இல் வேலை தொடங்கி 1920 இல் முடிவுற்ற இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வைத்திருப்பவருக்கேனும் சிறுபோகம் என்ற இரண்டாவது வாய்ப்பு ஒன்று உண்டு. முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மழையை மட்டுமே நம்பி மானாவாரியாக விதைப்பவருக்கு அதுவும் இல்லை.

ஆதலால், விதைப்புக் காலத்து விடியற்பொழுதொன்றில் உழவு இயந்திரம் இயங்க மறுக்குமானால், அதனை ஒருவருடைய வண்டிக் கோளாறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வண்டியின் சொந்தக்காரர் தம் வயலை உழுவதோடு அயலவர் வயல்களையும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி உழுகிறவர். அந்த ஒரு வண்டியை நம்பிப் பல குடும்பங்களின் விதைநெல் மூடையிலே காத்திருக்கும். வண்டிக்குக் கட்டவேண்டிய மாதத் தவணைப் பணமும் அந்த உழவிலிருந்தே வரவேண்டும்.

அத்தகைய காலைப்பொழுதொன்றை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். பரந்தனுக்கு அண்மையில் ஒரு வளவு. கிழக்கே வானம் கறுத்திருக்கிறது. கமக்காரர் திறப்பைத் திருப்புகிறார். பற்றரி நல்ல நிலையில் இருக்கிறது, இயந்திரம் தாராளமாகச் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. மீண்டும் திருப்புகிறார், அவ்வாறே. மூன்றாந் தடவை திருப்புவதற்குள் வேலியோரம் ஆட்கள் கூடிவிடுகிறார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லப்படுகிறது. இன்னொரு வண்டியாலே கட்டி இழுத்தால் பற்றிவிடும் என்கிறார் ஒருவர். துணியிலே தீ மூட்டிக் காற்றுப் போகும் வாயிலே பிடித்தால் போதும் என்கிறார் மற்றொருவர். பம்பைக் கழற்றி வவுனியாவுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்பது மூன்றாமவர் தீர்ப்பு. இவை மூன்றும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவன. மூன்றினாலும் பொழுதும் பணமும் போகும். மூன்றாவதனால் பம்பும் போகக்கூடும்.

முன்னர் லொறி ஓட்டி இளைப்பாறிய முதியவர் ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் வண்டியின் முன்னால் வந்து நிற்கிறார்.

"தம்பி, இன்னொருக்கால் திருப்பு. நான் புகைக்குழாயைப் பாக்கிறன்."

கமக்காரர் திருப்புகிறார். குழாயிலிருந்து புகையே வரவில்லை.

"அப்ப எண்ணெய் உள்ளுக்குப் போகேல்லை. வேறை ஒண்டையும் கழட்டாதை."

அந்த ஒரு பார்வையிலே நோயின் பாதி தெரிந்துவிட்டது. சுழலும்போது வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வருமானால், டீசல் சிலிண்டருக்குள் சென்றும் எரியவில்லை என்று பொருள். அப்போது குளிரையோ, அமுக்கக் குறைவையோ, டீசலிலே கலந்த நீரையோ ஐயுறலாம். புகையே இல்லையென்றால் டீசல் அவ்விடம் சென்று சேரவேயில்லை. அது வழியில் எங்கோ தடைப்பட்டு நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று காண்பதற்கு, தாங்கியிலிருந்து தொடங்கி அது வரும் வழியே, அது வரும் திசையிலேயே நடந்து பார்க்க வேண்டும். நடுவிலே புகுந்து கையில் அகப்பட்டதைக் கழற்றுகிறவர் பெரும்பாலும் பழைய கோளாற்றைக் கண்டுபிடியாமலே புதிய கோளாறு ஒன்றை உண்டாக்கிவிடுகிறார்.

அவ்வழியைத் தெரிந்துகொள்வதற்கு முன், இந்த இயந்திரத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது நன்று. பெற்றோல் இயந்திரத்தைப் போல இதற்குத் தீப்பொறி கிடையாது. ஜேர்மனியரான ருடோல்ஃப் டீசல் என்பவர் 1892 இல் காப்புரிமை கோரி, 1897 இல் அவுக்ஸ்பேர்க் நகரில் வெற்றியோடு இயக்கிக் காட்டிய இயந்திரம் காற்றை மட்டுமே உள்ளிழுத்து, அதனைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ நெருக்குகிறது. துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். அந்தச் சூடே இங்கு 500 பாகை செல்சியசுக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்தக் கணத்தில் டீசலை நுண்ணிய தூவலாக உள்ளே செலுத்தினால் அது தானே எரிகிறது.

டீசல் வாழ்ந்த காலத்தில் எண்ணெயை உள்ளே செலுத்துவதற்கு அமுக்கிய காற்றைத் தரும் கருவியொன்று தனியே வேண்டியிருந்தது. அதனால் இயந்திரமும் பெரியதாய், ஓரிடத்தில் நிலைபெற்றதாய் இருந்தது. 1927 இல் றொபேட் பொஷ் நிறுவனம் உட்செலுத்து பம்பியைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிய பின்னரே, லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஏற்ற டீசல் இயந்திரங்கள் எங்கும் பரவின. நம்மவர் பட்டறைகளில் வெறுமனே 'பம்' என்றால் அந்த உட்செலுத்து பம்பிதான்.

அதன் வேலை மிக நுட்பமானது. வன்னி வயல்களிலே பெரிதும் பழகிப்போன மூன்று சிலிண்டர் மசி பேர்குசன் வண்டியை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையோடு உழும்போதுகூட ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவையில் செல்லும் டீசல் ஏறக்குறைய ஒரு துளிதான். இயந்திரம் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றுமானால் அந்த ஒரு துளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் 750 தடவை அளந்து அனுப்பப்படுகிறது. அதுவும் சாதாரண காற்றமுக்கத்தைப்போல் ஏறக்குறைய 170 முதல் 200 மடங்கு அமுக்கத்திலே. இந்த அமுக்கம் வெளியே கசியாமல் இருப்பதற்காகப் பம்பியினுள் அசையும் உருக்குத் துண்டுகளுக்கிடையே விடப்பட்ட இடைவெளி, மனிதத் தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வயற்கரையிலே, புழுதிக் காற்றிலே, சாக்கு விரித்து அதனைக் கழற்றிப் பார்ப்பது கண்ணுக்குள்ளே கல்லைப் போட்டுப் பார்வை தேடுவது போன்றது.

இனி, காற்று ஏன் இதற்கு இத்தனை பகை என்பதைச் சொல்லவேண்டும். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பம்பி வைத்திருக்கும் கமக்காரருக்கு இது புதிய செய்தியன்று. உறிஞ்சு குழாயின் அடிவால்வு கசிந்து குழாயில் நீர் இறங்கிவிட்டால், பம்பி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் நீர் ஏறாது. மேலே திறந்து நீர் ஊற்றிக் காற்றைப் போக்கிய பின்னரே அது இழுக்கும். டீசலுக்கும் அதே கதைதான். டீசல் நெருக்குண்டால் சுருங்குவது மிகமிகச் சிறிதளவே. ஆதலால் பம்பி தள்ளினால் அந்தத் தள்ளு முழுவதும் நொசிலுக்குப் போய்ச்சேரும். காற்றோ பஞ்சு போன்றது. பம்பியின் தள்ளு முழுவதையும் அது தன்னுள்ளே சுருங்கி விழுங்கிவிடும். நொசிலின் ஊசி உயராது, டீசல் தூவாது, புகைக்குழாயும் வெறிதே இருக்கும். குழாயில் அகப்பட்ட ஒரு சிறு காற்றுக்குமிழ் பெரிய வண்டியொன்றை நிறுத்திவிடுகிறது.

இப்போது பரந்தன் வளவுக்கு மீளலாம்.

முதியவர் முதலிலே பார்த்தது நிறுத்தும் இழுபிடியை. முதல்நாள் மாலை வண்டியை நிறுத்த இழுத்த பிடியை மறுநாள் காலை உள்ளே தள்ள மறந்துவிட்டு அரைநாள் மினைக்கெட்டவர் பலர் உண்டு. அதை வெளியே சொல்வார் எவருமில்லை. புதிய வண்டிகளிலே இப்பிடிக்குப் பதிலாக மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு கருவியொன்று பம்பியிலே இருக்கும். திறப்பைத் திருப்பும்போது அது 'டக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலி இல்லையாயின் வயர் அறுந்திருக்கலாம், பியூஸ் எரிந்திருக்கலாம். இவ்வண்டி பழையது, பிடி சரியாகவே இருந்தது.

"அண்ணை, பம்பைக் கழட்டி வவுனியாவுக்குக் கொண்டுபோவமோ?" என்று கமக்காரர் கேட்கிறார். ஏ-9 வீதி வழியே போவதற்கும் வருவதற்குமே ஒருநாள் கழிந்துவிடும் என்பது அவர் கவலை.

"பொறு தம்பி. முதலிலை தாங்கி மூடியைத் திற. நேற்று எவ்வளவு எண்ணெய் இருந்தது?"

சிறிது தயக்கத்தின்பின் உண்மை வெளிவருகிறது. முதல்நாள் பொழுதுபடும் வேளையில் வயலிலேயே டீசல் வற்றி வண்டி நின்றிருக்கிறது. மகன் வீட்டுக்கு ஓடிப் பரலின் அடியில் எஞ்சியிருந்ததைக் கானிலே பிடித்துவந்து ஊற்றியிருக்கிறான். குழாயில் மிஞ்சியிருந்த டீசலால் வண்டி ஒருவாறு வீடு வந்து சேர்ந்திருக்கிறது. மருத்துவரிடம் நோயாளி முதலிற் சொல்லவேண்டியதைக் கடைசியிற் சொல்லுவதுபோல, இந்தச் செய்தியும் வண்டி நின்று ஒரு மணி நேரத்தின்பின்னரே சொல்லப்பட்டது.

வற்றிய தாங்கி காற்றை உள்ளே விட்டிருக்கும். பரலின் அடி எண்ணெய் நீரைக் கொண்டுவந்திருக்கும். இரண்டையும் இனித் தேடவேண்டும்.

பரல் என்னும் பொருளைப்பற்றி இவ்விடத்தில் ஒரு சொல் சொல்லவேண்டியிருக்கிறது. வன்னியில் வீட்டு வளவிலே எண்ணெய் சேமித்து வைக்கும் வழக்கம் பேராசையால் வந்ததன்று. பட்ட அனுபவத்தால் வந்தது. 1990 முதல் 2002 சனவரி வரை இந்நிலத்துக்குள் டீசலும் பெற்றோலும் செல்வதற்குத் தடை இருந்தது. அக்காலத்து மக்கள் மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். டீசல் இயந்திரங்களும் மண்ணெண்ணெயையும் கைக்குக் கிடைத்த பிற எண்ணெய்களையும் குடித்து ஓடின. 2006 ஆவணியில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது அத்தட்டுப்பாடு மீண்டும் வந்தது. பின்னர் 2022 இல் நாடு முழுவதையும் எரிபொருள் பஞ்சம் பற்றியது. அவ்வாண்டு ஆனிக் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவாயிற்று. ஆடியில் வாரப் பங்கீட்டுக்கு கியூஆர் அட்டை வந்தது. அது 2023 செப்ரெம்பர் தொடக்கத்தில்தான் நீங்கியது. சீன அரசு கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்குமென ஏறக்குறைய ஒரு கோடி லீற்றர் டீசலை 2022 இன் இறுதியில் நன்கொடையாக அனுப்பியதும் இப்பஞ்சத்தின் தொடர்பிலேதான். இத்தனையையும் கண்டவர்கள் கிடைக்கும்போது ஒரு பரல் எண்ணெயை ஒதுக்கி வைப்பதைக் குறைகூற முடியாது.

ஆனால், வைக்கும் முறை ஒன்று உண்டு. பகல் வெயிலில் பரலின் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவுக் குளிரில் அது சுருங்கும்போது வெளியிலிருந்து ஈரக்காற்றை உள்ளிழுக்கும். நிமிர்த்தி வைத்த பரலின் தலைமேல் மழைநீர் தேங்கியிருந்தால், மூடி எவ்வளவு இறுக்கமாயினும் அந்நீரில் ஒரு பங்கும் உள்ளே போகும். டீசல் நீரிலும் இலேசானது. ஒரு லீற்றர் 830 அல்லது 850 கிராம் நிறையே இருக்கும். எனவே நீர் அடியிலே படிகிறது. நீரும் டீசலும் தொடும் எல்லையிலே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வளர்ந்து, சில மாதங்களிலே கறுத்த வழும்பாகித் திரள்கின்றன. பரலைக் கூரையின்கீழ்க் கிடையாகப் படுக்கவைத்து, மூடிகள் இரண்டும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்குமாறு திருப்பிவிட்டால் அவற்றின் வழியே காற்றும் ஈரமும் புகா. எடுக்கும்போது ஒருநாள் அசையாமல் விட்டு எடுக்கவேண்டும். அடியில் நாலு விரற்கடை எண்ணெயை எடுக்கவே கூடாது. நாகம் பூசிய தகரக் கொள்கலங்களில் டீசலை வைப்பதும் தவறு. நாகத்தோடு அது வினைப்பட்டுப் படிவுகளை உண்டாக்கும்.

மகன் பிடித்துவந்தது அந்த நாலு விரற்கடை எண்ணெய்தான்.

முதியவர் ஒரு வெறும் சோடாப் போத்தலிலே தாங்கியின் அடியிலிருந்து சிறிது டீசல் பிடித்து வேலிக்கட்டையில் வைத்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் போகிறார். தாங்கியின் வாயிலே இருக்கும் வலையில் இலைச்சருகோ துணி நாரோ அடைத்திருக்கலாம். தாங்கி மூடியிலே காற்றுப் போவதற்கென ஊசித் துளை ஒன்று உண்டு. அது அடைபட்டால் வண்டி அரைமணி நேரம் ஓடியபின் நின்றுவிடும். சிறிது ஆறவிட்டால் மறுபடி ஓடும். இக்கோளாற்றிலே பலர் பம்பைக் குறைசொல்வார்கள். மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டால் ஐயமில்லை. இவ்வண்டியில் துளை திறந்தே இருந்தது.

அடுத்து, தாங்கிக்கும் ஊட்டுப் பம்பிக்கும் இடைப்பட்ட குழாய். தாங்கி இயந்திரத்தின் மேலே இருக்கும் வண்டிகளில் இக்குழாய் கசிந்தால் டீசல் ஈரமாக வெளியே தெரியும். லொறியிலும் பஸ்ஸிலும் தாங்கி தாழ இருப்பதனால் டீசல் மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. அங்கே ஒட்டை இருந்தால் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். வெளியே ஒரு துளி ஈரமும் இராது. வெடித்த குழாய்க்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் குழாயை மாட்டி, சைக்கிள் ரியூப் பட்டியால் சுற்றிக் கட்டிய வண்டிகளைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கும் காணலாம். அன்று அது கெட்டித்தனம். பொருள் தாராளமாகக் கிடைக்கும் காலத்திலும் அந்தக் கட்டு அவிழ்க்கப்படாமல் இருப்பதற்குச் சோம்பல் என்பதே பெயர்.

ஊட்டுப் பம்பியின்மேல் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதுவே நல்ல சாட்சி. முதியவர் அதைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறார். அடியில் ஒரு விரலளவு தெளிந்த நீர், அதன்மேல் டீசல். வேலிக்கட்டையிலே வைத்த போத்தலிலும் இதற்குள் நீரும் எண்ணெயும் பிரிந்து அடியிலே ஒரு கோடு விழுந்திருக்கிறது.

"இதைத்தான் இவ்வளவு நேரமும் பம்பு குடிச்சுக்கொண்டிருந்தது," என்கிறார் அவர்.

தாங்கியிலிருந்த எண்ணெய் முழுவதும் வடிக்கப்பட்டது. கிண்ணம் கழுவப்பட்டது. பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி நீர் வடித்தபோது கறுத்த வழும்பும் சேர்ந்து வந்தது. எனவே அதையும் மாற்றவேண்டியதாயிற்று. பில்டரைக் கழுவி மீண்டும் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. காகிதத்தாற் செய்த பில்டரைக் கழுவினால் அதன் நுண்துளைகள் கிழிந்து பெரிதாகும். அதன்பின் அது வடிகட்டுவதுபோல் பாசாங்கு செய்யுமேயன்றி வடிகட்டாது. சில நூறு ரூபாவை மிச்சம்பிடித்துப் பல்லாயிரம் ரூபாப் பம்பியை அரைத்துவிடுவது என்ன சிக்கனம்? செப்பு வாசர்களைப் பொறுத்தமட்டில் சிக்கனம் செல்லும்: பழைய வாசரைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரிலே தோய்த்தால் அது மறுபடி மெதுமையாகி இறுகப் பொருந்தும்.

நல்ல எண்ணெய் அயலவர் வீட்டிலிருந்து வந்தது. இனி எஞ்சியது, பட்டறையில் 'எயார் எடுப்பது' என்று சொல்லப்படும் வேலை. இதற்கு இரண்டு ஸ்பனரும் ஒரு துண்டுத் துணியும் பொறுமையும் போதும். பொறுமையே அரிதாகக் கிடைப்பது.

ஊட்டுப் பம்பியின் பக்கத்திலே கையால் அசைக்கும் ஒரு சிறு நெம்பு உண்டு. அதை மேலும் கீழும் அசைத்தால் டீசல் முன்னோக்கித் தள்ளப்படும். சிலவேளை அந்த நெம்பு உயிரற்றதுபோல் தொங்கும். அசைத்தாலும் கையிலே எதிர்ப்புத் தெரியாது. உடனே பம்பி பழுது என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் தள்ளுகோல் உச்ச நிலையில் நின்றிருக்கலாம். இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அசைத்தால் நெம்பு உயிர்பெற்றுவிடும். அதற்குப் பிறகும் பயனில்லையாயின் உள்ளே இருக்கும் மென்றகடு கிழிந்திருக்கலாம். அப்போது இயந்திர எண்ணெயின் கோலை உருவிப் பார்க்கவேண்டும். மட்டம் உயர்ந்து டீசல் மணத்தால், கிழிந்த தகட்டின் வழியே டீசல் அங்கே இறங்கியிருக்கிறது. நீர்த்த எண்ணெயோடு இயந்திரத்தை ஓட்டுவது அதன் உயிருக்கே ஆபத்து.

முதியவர் முதலிலே பில்டரின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தினார். பின்னர் உட்செலுத்து பம்பியின் பக்கத்துத் திருகை. பின்னர் அதன் மேல்மூடியின் திருகை. கமக்காரர் நெம்பை அசைத்துக்கொண்டிருந்தார். முதலில் நுரை வந்தது. பின்னர் நுரையும் டீசலும். பின்னர் ஒரு குமிழும் இல்லாமல் தெளிந்த டீசல். எது முதலிலே தெளிந்ததோ அதனை அவ்வொழுங்கிலே இறுக்கினார்கள். நுரை நின்றுவிட்டது என்று அவசரப்பட்டு இறுக்குவதே இவ்வேலையில் வழக்கமான பிழை. இன்னும் பத்துத் தடவை அசைத்துப் பார்ப்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

கடைசியாக நொசிலுக்குப் போகும் உருக்குக் குழாய்கள். அவற்றில் இரண்டின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, வேகப்பிடியை முழுதும் திறந்து, திறப்பைத் திருப்பிச் சுழற்றவேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுழற்றினால் தொடக்கும் மோட்டார் சூடேறிக் கருகும், இடையிடையே ஆறவிடவேண்டும். இவ்வேளையில் ஒன்று முக்கியம். நட்டில் கசிவதைத் துணியாலே துடைக்கலாமேயன்றி, டீசல் வரும் வாயிலே விரலை வைத்துப் பார்க்கக்கூடாது. அந்த அமுக்கத்திலே வரும் டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும். நோவும் உடனே இராது. ஆனால் உள்ளே தசை அழுகி விரலையே வெட்டவேண்டி நேரும். அப்படி நேர்ந்தால் நோகவில்லையென்று இருந்துவிடாமல் அப்பொழுதே ஆசுப்பத்திரிக்குச் சென்று, டீசல் ஏறியது என்று சொல்லவேண்டும்.

கையாற் சுழற்றும் இருசில்லு உழவு இயந்திரத்தில் இவ்வேலை இன்னும் எளிது. தாங்கி உயரத்தில் இருப்பதனால் டீசல் தானே இறங்கிவரும். அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்பை உயர்த்திக்கொண்டு சுழற்றும்போது, நொசில் 'கிரீக் கிரீக்' என்று மெல்லக் கத்துவதைக் காதாலேயே கேட்கலாம். அவ்வொலி கேட்டால் டீசல் தூவுகிறது என்று நிச்சயம்.

தீப்பந்தம் பிடிக்கச் சொன்னவரையும் கட்டியிழுக்கச் சொன்னவரையும்பற்றி ஒன்று சொல்லவேண்டும். டீசல் உள்ளே போகாத இயந்திரத்தை எவ்வளவு தூரம் இழுத்தாலும் அது சுமையாகவே வரும். தீயைக் காற்றுவாயிலே பிடிப்பதும், பெற்றோலை அங்கே ஊற்றுவதும், உரிய காலத்துக்கு முன்னே சிலிண்டருக்குள் வெடிப்பை உண்டாக்கிப் பிஸ்ரனையும் தண்டையும் முறிக்கக்கூடும். கையும் முகமும் வேகுவது வேறு.

இத்தனையும் செய்தபின்னும் டீசல் பம்பிவரை தெளிவாக வந்து, நொசில் குழாயில் மட்டும் வராவிட்டால், அப்பொழுதுதான் மூன்றாமவர் சொன்னதற்கு வேளை வருகிறது. தேய்ந்த பம்பிக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. காலையிலே குளிர்ந்திருக்கும்போது வண்டி பற்றும். மத்தியானம் சூடாக நிறுத்திவிட்டால் ஆறும்வரை பற்றாது. சூட்டிலே நீர்த்த டீசல் தேய்ந்த இடைவெளியால் நழுவிவிடுவதே காரணம். மண்ணெண்ணெய் குடித்து வளர்ந்த வண்டிகளில் இந்நோய் அதிகம். உருளை வகைப் பம்பிக்குள் ஓடும் டீசலே அதற்கு மசகு எண்ணெயாகவும் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது. 2022 ஆவணியில் 340 ரூபாவாக உயர்த்தப்படும்வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாகவும், டீசல் அதைப்போல் ஐந்து மடங்கு விலையாகவும் இருந்தபோது, இரண்டையும் கலக்கும் ஆசை பலருக்கு வந்தது. அன்று மிச்சம்பிடித்ததைப் பின்னர் பம்பு வைத்தியத்துக்குக் கொடுக்க நேர்ந்தவர் உண்டு.

பம்பியைக் கழற்றத்தான் வேண்டுமென்றால், முதலிலே சுற்றிலும் கழுவித் துடைத்து, அது இயந்திரத்தோடு பொருந்தும் இடத்தில் இரண்டிலும் சேர்த்து ஒரு கீறல் அடையாளம் இடவேண்டும். மீளப் பூட்டும்போது அடையாளம் பொருந்தாவிடின் டீசல் நேரந் தவறித் தூவும். திறந்த வாய்கள் எல்லாவற்றையும் சுத்தமான பிளாஸ்ரிக்கால் கட்டி, நொசில்களையும் கூடவே கொண்டுபோய், அளந்து பார்க்கும் கருவி உள்ள பட்டறையிலே கொடுக்கவேண்டும். அந்த வேலையைக் கற்றவர்கள் இந்நிலத்தில் இன்னும் பலர் வேண்டும். போருக்குப்பின் இந்திய அரசு வடமாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. வண்டி வந்த வேகத்துக்கு அதைத் திருத்துங் கை வரவில்லை என்பது இப்பகுதிக் கமக்காரரோடு பேசுபவர் எவருக்கும் தெரியும். 2016 இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இளைஞருக்கு மோட்டார்த் தொழில் கற்பிக்கிறது. டீசல் பிறந்த இயந்திர மரபின் நாட்டார் வன்னியிலே அதைக் கற்பிக்க உதவியிருப்பதும் ஒரு பொருத்தமே.

பரந்தன் வளவிலே நொசில் குழாய்களின் நட்டு இறுக்கப்பட்டது. கமக்காரர் திறப்பைத் திருப்பினார். ஐந்தாறு சுற்றுக்குப்பின் புகைக்குழாய் வெண்புகையாக ஒருமுறை இருமியது. இயந்திரம் ஒரு காலால் நொண்டுவதுபோல் இரண்டு மூன்று தடவை தடுமாறி, பின்னர் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. புகை வெளுத்து மெலிந்து மறைந்தது. வேலியோரம் நின்றவர்கள் தாம் சொன்னதுதான் நடந்தது என்ற முகத்தோடு கலைந்தார்கள்.

"இப்ப நிப்பாட்டாதை, தம்பி. கால் மணித்தியாலம் ஓடட்டும். பிறகு எல்லா நட்டையும் துடைச்சுப் பார், கசிவு இருக்கோ எண்டு."

"அண்ணை, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"அது பிறகு. முதலிலை அந்தப் பரலைப் படுக்கவை. இண்டைக்குப் பின்னேரம் வேலை முடிஞ்ச உடனை தாங்கியை நிரப்பி விடு. விடியப்புறம் நிரப்பலாம் எண்டு விடாதை. வெறுந் தாங்கியிலை இரவு முழுக்கப் பனி பிடிக்கும்."

மகன் தகப்பனைப் பார்த்தான். பின்னர் பரலை உருட்டப் போனான். எட்டு மணிக்குள் கலப்பை வயலில் இறங்கியது. மழை அன்று மாலைவரை வரவில்லை.